இரண்டாம் பட்டியல்

அப்பனுக்கு மறதி என்று நிரூபிக்க வரும் மகன்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் உட்காருவார்கள். நாற்காலி நுனியில் உடம்பு, முழங்காலில் கோப்பு, முகத்தில் ஒரு துக்கம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் நினைவுத் தகுதி மையத்துக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கெல்லாம் ஓநாய்கள் டோக்கன் வாங்கி வரிசையில் இருக்கும்.

அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்தவன் பெயர் யுவராஜ். முப்பத்தேழு வயது. ஏதோ கம்பெனியில் பெரிய வேலையாம். மூன்று முறை சொன்னான். நான் ஒரு முறையும் கேட்கவில்லை.

"அப்பாவுக்குச் சுத்தமா ஞாபகமே இல்ல சார். நேத்து என்ன சாப்பிட்டாருன்னே தெரியாது."

"நேத்து நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அவன் யோசித்தான். பிறகு, "அது முக்கியமில்ல சார்" என்றான். "இந்த வயசுல கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு நிக்கிறாரு. அறுபத்தாறு வயசு சார்! அவரு வேலை பாத்த மெஸ்ல சட்னி அரைச்ச அம்மாவாம். புதன்கிழமை ரெஜிஸ்டர் பண்ண நாள் வாங்கியாச்சாம். புத்தி தெளிவா இருக்கற மனுஷன் செய்யற வேலையா இது?"

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நடையில் இருந்த பெஞ்சில் ஒரு மெலிந்த ஆள் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. இருவரும் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நடுவில் வைத்துப் பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி பிஸ்கட்டை அவர் அந்த அம்மாவின் பக்கம் நகர்த்த, அந்த அம்மா அதை உடைத்துப் பாதியைத் திருப்பி வைத்தார். என் எதிரில் இருந்தவனை விட அவர்கள் தெளிவாகத்தான் இருந்தார்கள். ஆனால் என் வேலை தெளிவைப் பார்ப்பதில்லை.

என் வேலை பட்டியல் எழுதுவது. பெயர் தணிகைவேல். தமிழ் ஒலியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். பதினோரு கல்லூரிகளில் நேர்முகத்துக்குப் போய், பதினோரு இடத்திலும் பியூன் காபி கொண்டுவருவதற்குள் வெளியே அனுப்பப்பட்டவன். கடைசியில் அரசாங்கத்துக்கு என் படிப்பு தேவைப்பட்டது. அரசாங்கத்துக்கு ஒரு படிப்பு தேவைப்படுகிறது என்றால் யாருக்கோ கெட்ட காலம் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சட்டத்தின் பெயர் சுயகையொப்பப் பாதுகாப்புச் சட்டம். அறுபது வயது முடிந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மையத்துக்கு வந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பதிவு செய்த குரல் ஐந்து சொற்களைச் சொல்லும், நொடிக்கு ஒன்று. ஐந்து நொடி அமைதி. பிறகு மணி அடித்ததும் அந்த ஐந்தையும் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படிப் பன்னிரண்டு சுற்று. எட்டுச் சுற்று சரியாக வந்தால் கையொப்பம் அவரிடமே இருக்கும். வராவிட்டால் அது வாரிசின் கைக்குப் போய்விடும். அதன்பின் ஓட்டுப் போட, வீட்டை விற்க, ஆபரேஷனுக்குச் சம்மதிக்க, கல்யாணம் செய்துகொள்ள, முதியோர் இல்லத்தின் கேட்டைத் தாண்டக்கூட வாரிசின் கையொப்பம் வேண்டும். யாரிடமிருந்து பாதுகாப்பு என்றால், கையொப்பத்தை அதன் சொந்தக்காரரிடமிருந்து பாதுகாக்கிறார்களாம்.

நானும் ஒரு வாரிசுதான். சனிக்கிழமை தோறும் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்துக்குப் போய் என் அப்பாவின் கையொப்பத்தைப் போட்டுவிட்டு வருவேன். ஐந்து வருடமாக. மருந்துச் சீட்டில் 'சம்மதம்'. வெளியே செல்ல அனுமதி என்ற பத்தியில் 'தேவையில்லை'.

இந்தத் தேர்வில் இரண்டு பட்டியல்கள் உண்டு என்பது வெளியாருக்குத் தெரியாது. மையத்திலும் எனக்கும் இயக்குநர் நிவேதிதாவுக்கும் மட்டும்தான் தெரியும். நிவேதிதா அம்மையார் கூட்டத்தில் 'மூத்த குடிமக்கள்' என்றும் அறைக்குள் 'பெருசுங்க' என்றும் சொல்லுபவர். ஐந்து வருடத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"தணிகை, நூத்துக்குத் தொண்ணூறு பேர் பாஸ் ஆயிடறாங்க. அப்பாவுக்கு மறதின்னு ஆட்சேபம் கொடுத்த வாரிசுங்க எல்லாம் அமைச்சர்கிட்ட போய் நிக்கறாங்க. உங்க டெஸ்ட் பல்லில்லாத பாம்பா இருக்கு."

"பல்லு வைக்கலாம் மேடம்" என்றேன்.

என்ன பெருமை அன்றைக்கு எனக்கு! முதல் முறையாக ஒருவர் என் படிப்பைக் கேட்கிறார்.

"நம்ம மனசுக்குள்ள ஒரு சின்ன வாய் இருக்கு மேடம். கேட்ட சொல்லை அது ரெண்டு ரெண்டு செகண்டுக்கு ஒருதரம் சொல்லிக்கிட்டே இருக்கும். சொல்லிட்டிருக்கற வரைக்கும்தான் ஞாபகம். மழை, கதவு, ஒட்டகம், சீப்பு, நூலகம். இந்த அஞ்சையும் அது ஈசியா சொல்லிடும். ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம். ஆனா மலை, வலை, தலை, சிலை, விலை?"

"இதுவும் ஈசிதானே. இன்னும் சின்னச் சொல்லா இருக்கே."

"சொல்லு ஈசி. வரிசைதான் நிக்காது. சத்தம் எல்லாம் ஒண்ணா இருக்கறதால ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு போய் உட்கார்ந்துக்கும். நல்லாவே கேக்கும், அர்த்தமும் புரியும், ஆனா எது மூணாவது எது நாலாவதுன்னு கலங்கிடும். ஆடு, பசு, எருமைன்னு அர்த்தம் ஒத்துப்போனாகூட இவ்வளவு கலங்காது. சத்தம் ஒத்துப்போனா போச்சு."

"யாருக்கு? வயசானவங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான். வயசானவங்களுக்குக் கொஞ்சம் கூட."

'எல்லாருக்கும்' என்ற சொல் நிவேதிதாவின் காதில் விழுந்து அப்படியே மறுபக்கம் போனது. அவர் சிரித்தார். "அப்ப ஆட்சேபம் வந்த கேஸுக்கு மட்டும் இந்தப் பட்டியல். மத்தவங்களுக்குப் பழசு. எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். முன்பு நூறில் பத்துப் பேர் தோற்ற இடத்தில் இப்போது எழுபது பேர் தோற்றார்கள். அந்த வருடக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். சால்வையில் பாதி நைலான்.

யுவராஜ் ஆட்சேபம் கொடுத்திருந்ததால் அவன் அப்பாவுக்கும் இரண்டாம் பட்டியல்தான். பெயர் கோதண்டபாணி. திருவல்லிக்கேணி மெஸ் ஒன்றில் நாற்பது வருடம் சப்ளையராக இருந்தவர். நான் அவரை மூன்றாம் அறைக்குள் அனுப்பிவிட்டு, என் அறையில் திரையைப் பார்த்தபடி டிபன் டப்பாவைத் திறந்தேன். தோற்கப்போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது பழகிப்போயிருந்தது.

முதல் சுற்று. குரல் சொன்னது: மலை, வலை, தலை, சிலை, விலை.

வழக்கமாக எல்லாருக்கும் உதடு அசையும். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்கள். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் சிக்கிக்கொள்வார்கள். கோதண்டபாணியின் உதடு அசையவே இல்லை. கண் திறந்தே இருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் எதிரிலிருந்த மேசையில் ஐந்து இடத்தில் மெல்லத் தொட்டது. மணி அடித்தது. ஐந்தையும் வரிசையாகச் சொன்னார், பில் சொல்லுகிற வேகத்தில்.

பிறகு உள்ளங்கையால் மேசையைத் துடைத்தார்.

நான் சாதத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தேன். இரண்டாம் சுற்று: பாட்டு, பூட்டு, கூட்டு, நோட்டு, சீட்டு. விரல் ஐந்து இடம் தொட்டது. ஐந்தும் சரி. மீண்டும் துடைத்தார். ஏழாம் சுற்றில் மட்டும் ஒன்று இடம் மாறியது. பன்னிரண்டுக்குப் பதினொன்று. இரண்டாம் பட்டியலில் அதுவரை யாரும் ஒன்பதைத் தாண்டியதில்லை.

யுவராஜ் முடிவைக் கேட்டதும் துக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டான். "இது ஃப்ராடு சார்! மேசையில என்னமோ எழுதி வச்சிருக்காரு!" என்று நடையில் நின்று கத்தினான். தன் அப்பன் நினைவோடு இருக்கிறான் என்று கேட்டு இவ்வளவு கோபப்பட்ட பிள்ளையை உலகம் வேறெங்கே பார்க்கும்? எங்கள் மையத்தில் வாரத்துக்கு மூன்று பேரைப் பார்க்கலாம்.

கத்தல் கேட்டு நிவேதிதா வந்தார். அவனை விட அவருக்குத்தான் கவலை அதிகம். பட்டியல் வெளியே போய்விட்டதோ என்ற பயம்.

"மறுதேர்வு வைங்க, தணிகை. கையை நாற்காலிக்குப் பின்னால கட்டுங்க. பட்டியலைப் புதுசா போடுங்க. கேட்டுக்கிட்டு இருக்கும்போதே வாயால வேற ஏதாவது சொல்லச் சொல்லுங்க. உள்ள இருக்கற அந்தச் சின்ன வாயை அடைச்சிடலாம் இல்ல?"

ஐந்து வருடத்தில் அந்த அம்மையார் என்னிடம் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். "அடைச்சிடலாம்" என்றேன். எனக்கும் அவர் எப்படிச் செய்தார் என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கிழவரின் கையைக் கட்டலாம் என்றால் கட்டிவிட வேண்டியதுதான். நானும் பெரிய யோக்கியன் இல்லை.

மறுதேர்வுக்கு அறைக்குள் நானே போனேன். பருத்தித் துணியால் கையைப் பின்னால் கட்டும்போது கோதண்டபாணி மறுப்பே சொல்லவில்லை.

"இறுக்கமா இருக்கா?"

"பரவால்ல சார். கை எப்பவுமே வேலையாத்தானே இருக்கும். இந்தக் கையில நாலு தட்டு, அந்தக் கையில ரெண்டு டவரா. ஆர்டர் எடுக்கக் கை எதுக்கு?"

"சொல்லு வரும்போது நீங்க நிறுத்தாம ஒரு வார்த்தையைச் சொல்லிட்டே இருக்கணும். என்ன வார்த்தைன்னு நீங்களே வச்சுக்கோங்க."

"சரிங்க" என்றார்.

"இதையே சொல்லுங்க."

"எதை?"

"சரிங்க, சரிங்கன்னு."

அவர் என்னைக் கொஞ்சம் இரக்கமாகப் பார்த்தார். பிறகுதான் புரிந்தது. நாற்பது வருடமாக அந்த மனிதர் செய்தது அதைத்தான். வாடிக்கைக்காரன் பேசிக்கொண்டே இருக்க, 'சரிங்க சரிங்க' என்று சொல்லிக்கொண்டே ஆர்டர் எடுத்தவர். நிவேதிதா கண்டுபிடித்த சித்திரவதை அவருடைய தினப்படி வேலை.

புதிய பட்டியல். வடை, குடை, படை, நடை, தடை. "சரிங்க சரிங்க சரிங்க" என்று அவர் வாய் ஓடியது. கண் மட்டும் மேசையில் ஐந்து இடம் போய் வந்தது. மணி. வடை, குடை, படை, நடை, தடை.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கை கட்டியிருந்ததால் சுற்றுக்குச் சுற்று மேசையைத் துடைக்க முடியாமல் போனதுதான் அவருக்கு ஒரே குறை. கட்டை அவிழ்த்ததும் முதலில் அதைத்தான் செய்தார்.

"எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். கேமராவை அணைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"என்னத்தை சார்?"

"எல்லாம் ஒரே சத்தம். கலங்கலையா?"

"காதுல வச்சா கலங்கத்தான் செய்யும். இடத்துல வச்சிடணும்." அவர் மேசையைக் காட்டினார். "இது ஆறு பேர் மேசைன்னு வச்சுக்கோங்க. அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க, ஒரு சீட்ல பையை வச்சிருக்காங்க. ஜன்னல் ஓரத்து ஆளு மலை. அவருக்கு எதிர்த்தாப்புல வலை. குழந்தையை மடியில வச்சிருக்கற அம்மா தலை. அவ்வளவுதான். அப்புறம் ஆளைப் பாத்தா போதும், அவங்க கேட்டது தானா வந்துடும். அவங்க எழுந்து போனதும் துடைச்சிடணும். துடைக்கலேன்னா பழைய ஆர்டர் மேசையிலேயே கிடக்கும்."

"இதை யார் சொல்லிக்கொடுத்தா?"

"யாரு சொல்லித் தரப்போறா? உதை வாங்கி வந்ததுதான். எங்க மெஸ்ல ராத்திரி டிபன் பூரா ரவாதான் சார் ஓடும். ரவா, நெய் ரவா, ஆனியன் ரவா, ரவா மசாலா, ஆனியன் ரவா மசாலா. அஞ்சு பேரும் ஆளுக்கொரு ரவா. வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே போனா அடுப்படி போறதுக்குள்ள எல்லாம் கஞ்சியாயிடும்."

அவர் எழுந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். வாசலில் நின்று, எனக்காக அல்ல, ஏதோ நினைவுக்கு வந்தது போலச் சொன்னார்.

"ஒரு பழக்கம் உண்டு சார் எங்க லைன்ல. புதுசா வந்த சப்ளையரைப் பிடிக்கலேன்னா நேரா 'போ'ன்னு சொல்ல மாட்டாங்க. தெரிஞ்ச ஆளுங்களை ஒரு மேசை பூரா உக்கார வச்சு, அத்தனை பேரையும் ரவாவே கேக்கச் சொல்லுவாங்க. அவன் மாத்திக் கொண்டாருவான். ஞாபகமறதிக்காரன், வேலைக்கு ஆக மாட்டான்னு அனுப்பிடுவாங்க. நான் பாத்து அப்படி ஆறேழு பேரு போயிருக்காங்க. பாவம், அவனுங்களுக்கு மறதி எல்லாம் கிடையாது. தப்பு ஆள்கிட்ட இல்ல சார், மேசையில." பிறகு கேட்டார். "இந்தப் பட்டியல் யாரு எழுதினது?"

"கம்ப்யூட்டர்" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு யாரைப் பிடிக்கலையோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிவேதிதா பல்லைக் கடித்துக்கொண்டு தேர்ச்சிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். யுவராஜ் மேல்முறையீடு போவேன் என்றான். "போங்க, ஆனா சட்டம் அதுக்கு ஒரு வருஷம் கேக்கும்" என்றேன். புதன்கிழமை அவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். நான் போகவில்லை, என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. அந்த அம்மா, கலைவாணி, வெளியே போகும்போது என் மேசையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். என் வாழ்நாளில் நான் தகுதியில்லாமல் வாங்கிய பொருள்கள் பல. அந்த நைலான் சால்வைக்கு அடுத்தது அது.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் மூன்றாம் அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். நானே எழுதிய இரண்டாம் பட்டியலைப் போட்டேன். எழுதியவன் என்பதால் எனக்குச் சலுகை இருக்கும் என்று நினைத்தேன். உதடு தானாக அசைந்தது. வடம், மடம், குடம் வரை வாய்க்குள் ஓடியது. அதற்குள் தடம் வந்து குடத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. பன்னிரண்டில் ஆறு. எனக்கு ஐம்பத்தொன்பது வயது. முனைவர் பட்டம் பெற்றவன். கோப்புப்படி நான் கையொப்பம் இடத் தகுதியற்றவன்.

இதை முன்பே ஒரு முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். செய்யவில்லை. தெரியாமல் இல்லை, 'எல்லாருக்கும்' என்று என் வாயாலேயே சொன்னவன் நான். பட்டியல் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருக்கும் மறதியை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான் என்று ஐந்து வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நொடிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே இருந்தால் எதுவும் மனதில் நிற்கும்.

இரும்பு அலமாரியைத் திறந்தேன். இரண்டாம் பட்டியலில் தேர்வு எழுதியவர்களின் கோப்புகள் வரிசையாக இருந்தன. முதல் கோப்பை எடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிவேதிதாவுக்குத் தெரியாது, அவர் கேட்டதும் இல்லை. அவர் கண்ணில் படாமலிருக்க நான் தேர்ந்தெடுத்த காஞ்சிபுரம் கிளை மையம். ஏகாம்பரம், வயது எழுபத்தெட்டு, தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பன்னிரண்டுக்கு நான்கு. ஆட்சேபம் கொடுத்த வாரிசு: மகன் தணிகைவேல்.

ஆமாம். நிவேதிதா என்னைக் கூப்பிட்டுக் கத்திய அன்றைக்கு என் பையில் என் ஆட்சேபப் படிவம் நிரப்பித் தயாராக இருந்தது. அம்பத்தூரில் எங்கள் வீட்டை இடித்து நாலு மாடி கட்ட ஒரு பில்டர் வந்திருந்தான். நான் இருக்கிறவரைக்கும் வேண்டாம்டா என்றார் அப்பா. பழைய பட்டியலில் அவரை ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் போனில் முகவரி கேட்டு வண்டி அனுப்பிய மனிதர். தெருப் பெயர், கதவு எண், அடையாளம் மூன்றையும் வாய்க்குள் இரண்டு முறை முணுமுணுப்பார், அவ்வளவுதான், மறக்காது. சத்தத்தாலேயே கட்டிய நினைவு அது. அதை எதனால் இடிக்கலாம் என்று தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். மேடத்துக்காக எழுதிய பட்டியல் இல்லை அது. என் அப்பாவுக்காக எழுதி, மீதியை ஊருக்குக் கொடுத்தேன்.

அடித் தட்டில் ஒன்பதாம் எண் படிவக் கட்டு இருந்தது. வாரிசு தன் ஆட்சேபத்தைத் தானே திரும்பப் பெறும் படிவம். ஒரு கையொப்பம் போட்டால் போதும், தேர்வும் செல்லாது, கையொப்பமும் உரியவருக்குத் திரும்பிவிடும். சட்டம் வந்த நாளில் ஐந்நூறு படிவம் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். கட்டின் நூல் இன்னும் பிரிக்கப்படவே இல்லை. ஓநாய்கள் எத்தனை ஆயிரம் பேர் அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள்! ஒருவனுக்கும் திரும்பக் கொடுக்கத் தோன்றவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

சனிக்கிழமை இல்லத்தில் அப்பா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வெளிய போக இந்த வாரம் கையெழுத்துப் போடுவியா?"

வழக்கமாக, 'அடுத்த வாரம் பார்க்கலாம்பா' என்பேன். இந்த முறை படிவத்தை அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக முணுமுணுத்துப் படித்தார். கீழே என் கையொப்பம் ஏற்கெனவே இருந்தது. பெற்றுக்கொண்டதற்கு அவர் போட வேண்டிய இடம் மட்டும் காலி.

"வீடு?" என்றார்.

"வீடு இல்லப்பா. நாலு மாடி வந்துடுச்சு. ரெண்டாவது மாடியில இருக்கேன்." அவருக்கு அது தெரியும். என் வாயால் சொல்ல வைத்தார்.

"அப்ப இதை வச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

முனைவர் பட்டம் பெற்ற மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பா, அந்தப் பட்டியலை எழுதினது நான்தான்" என்றேன். "உங்களுக்காகவே எழுதினேன். நீங்க தோக்கணும்னு. உங்களுக்கு மறதியே கிடையாது."

"தெரியும்."

"எது?"

"ரெண்டும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வடம், மடம், குடம், தடம், படம். நாலாவது சுத்து அதுதான். ரெண்டாவது சுத்து பாட்டு, பூட்டு, கூட்டு, நோட்டு, சீட்டு. அன்னிக்கு அங்க உளறிட்டேன். வெளிய வந்து பஸ்ல உக்காந்ததும் எல்லாம் வரிசையா வந்துடுச்சு. அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது இப்படித்தான் எதுகை கோத்து எழுதி, நான் நைட் டூட்டி முடிச்சுத் தூங்கறப்ப காதுகிட்ட வந்து கத்துவ. இந்த ஊர்ல வேற எவன்டா இதை எழுதுவான்?"

ஐந்து வருடம் ஆகியிருந்தது. வரிசை ஓர் இடத்தில்கூட மாறவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்ட? உன்கிட்டயா?"

பேனாவை வாங்கினார். எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். போட்டுவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார்.

"எங்கப்பா?"

"கேட் வரைக்கும். போயிட்டுத் திரும்பி வரேன். நீ கூட வராத."

போனார். காவலாளி தடுக்க வந்தான். அப்பா படிவத்தைக் காட்டினார். அவன் இதற்கு முன் அப்படியொரு படிவத்தைப் பார்த்ததில்லை என்பதால் இரண்டு முறை படித்தான். கேட்டைத் திறந்தான். அப்பா வெளியே போய்த் தார் ரோட்டில் நின்றார், ஒரு மினி பஸ் போகும்வரை பார்த்தார், திரும்பி உள்ளே வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஓநாயின் அழுகைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் நிரூபித்திருக்க முடியாது.

மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு எப்ப அறுபது?"

"வர்ற பங்குனிப்பா."

"பையன் உன்கூடத்தான் இருக்கானா?"

"ஆமா. நல்ல பையன்."

அவர் சிரிக்கவில்லை. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் காலத்தில் வண்டி அனுப்ப முகவரி கேட்டுப் போனை வைத்ததும் செய்வது போலவே அவர் உதடு மட்டும் மெல்ல அசைந்தது. பங்குனி, தணிகை, ரெண்டாவது மாடி. பங்குனி, தணிகை, ரெண்டாவது மாடி.